பவளத்துக்கு ஊற்றிய தண்ணீர்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இருக்கும் உப்புத் தண்ணீர்த் தொட்டியை எடுத்துவிடும்படி என்னிடம் சொல்லாதவர்கள் குறைவு. பக்கத்து வீட்டுக்காரர் மின்கட்டணத்தைக் காரணம் காட்டினார். அலுவலகத்தில் எதிர் மேசைக்காரி கொசு வரும் என்றாள். நாள் முழுக்கச் சுழன்றுகொண்டிருக்கும் உப்புத் தண்ணீரில் எந்தக் கொசு முட்டையிடும் என்று கேட்டேன். "ஏதோ ஒரு கொசு" என்றாள். கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்த என் அண்ணன் ஈசானிய மூலையைப் பற்றிப் பேசினார். எல்லோருக்கும் ஒரே பதில்தான்: தொட்டி இருக்கும். அதிலிருந்த உயிர்கள் சுருங்கி, நிறம் போய், உதிர்ந்துகொண்டிருந்த வாரங்களிலும் அதையேதான் சொன்னேன். அப்போது என்னிடம் நியாயம் எதுவும் இல்லை, பிடிவாதம்தான் இருந்தது. இப்போது நியாயமும் இருக்கிறது.

நான் வேங்கிக்காலில் ஓர் அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். வீடும் அங்கேயே, புதிதாக மனை பிரித்த தெருக்களில் ஒன்றில். கணவருக்கு ஓசூரில் வேலை; மாதத்தில் இரண்டு ஞாயிறு வருவார். ஒரே மகள். சென்னையில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவளுக்கு இரண்டாம் ஆண்டின் நடுவில் மஞ்சள் காமாலை வந்தது. காய்ச்சல், வாந்தி என்று போனில் சொன்னாள். ஹோட்டலில் எதையோ தின்றிருப்பாய் என்று திட்டினேன். நாலாவது நாள் அவளுடைய தோழி அழைத்து, "ஆன்ட்டி, கண்ணெல்லாம் மஞ்சளா இருக்கு, பேசினா பதில் சொல்ல மாட்றா" என்றாள். நான் பஸ் ஏறினேன்.

கல்லீரல் தன் வேலையை நிறுத்தப் பார்த்தது என்று டாக்டர் பிறகு சொன்னார். தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான் உட்கார்ந்திருந்த நாட்களை எண்ணி வைத்திருக்கிறேன், யாரிடமும் சொல்வதில்லை. எதனால் வந்தது என்று கேட்டேன். "தண்ணிதாம்மா" என்றார் டாக்டர், மிகச் சாதாரணமாக, மழையால் சட்டை நனைந்தது என்பதைப் போல.

பிழைத்தாள். வீட்டுக்கு அழைத்து வந்தேன். அன்றிலிருந்து என் வீட்டில் தண்ணீர் என்பது தண்ணீர் இல்லை. குழாய்த் தண்ணீர் சுத்திகரிப்பு இயந்திரத்துக்குள் போகும். வெளியே வந்ததும் குழாய் வைத்த பெரிய செம்புப் பானைக்குப் போகும். ராத்திரி முழுக்க அதில் நிற்கும். காலையில்தான் குடிக்கலாம். செம்பு கிருமியைக் கொல்லும் என்று படித்திருந்தேன். அது பொய்யும் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் பானையைப் புளி போட்டு, உள்ளேயும் வெளியேயும், முகம் தெரியும்வரை தேய்ப்பேன். மகள் வெளியே போனால் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் நிரப்பிக் கொடுப்பேன். கல்யாண வீட்டில் கொடுத்த ஜூஸை அவள் கையிலிருந்து பிடுங்கியிருக்கிறேன். பைத்தியம் என்றார்கள். இருக்கட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் பிள்ளையைப் பார்த்தவர்கள் சொல்லட்டும், கேட்டுக்கொள்கிறேன்.

ஆறு மாதம் அவள் பெரும்பாலும் படுத்திருந்தாள். பிறகு ஒரு நாள், தொட்டி வேண்டும் என்றாள். நோய் வந்த பிறகு அவளாகக் கேட்ட முதல் பொருள் அது. நான் மீன் தொட்டி என்று நினைத்தேன். அவள் கேட்டது பவளத் தொட்டி.

பவளம் என்றால் எனக்கு மோதிரத்தில் பதிக்கும் சிவப்புக் கல்தான் தெரியும். உயிரோடு இருப்பது வேறு என்று அவள் எனக்குப் பாடம் எடுத்தாள். கல்லாக இறுகும் பவளங்களைச் சட்டப்படி வீட்டில் வைக்கக் கூடாது. இவை மென்மையான வகை, வெளிநாட்டுப் பண்ணையிலிருந்து ரசீதோடு வந்தவை என்றாள். சட்டைப் பொத்தான் அளவு பூக்களாக விரிந்தது ஒன்று, அதற்கு 'ஜோவா' என்று பெயர். காளான் குடைபோல ஒன்று. விரல்களை நீட்டி ஆட்டிக்கொண்டே இருக்கும் ஒன்று. விளக்குப் போட்டால் விரியும், அணைத்தால் மூடும். செடி என்று சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "அதுக்கு வாய் இருக்கும்மா. சாப்பிடுது. செடின்னு சொல்லாத." உப்பை மூட்டையாக வாங்கி, சுத்திகரித்த தண்ணீரில் கலக்கி, அவளே ஒரு கடலைச் செய்தாள். கலக்கிய பிறகு ஒரு மாதத்துக்கு மேல் வெறும் பாறையும் தண்ணீருமாக ஓடவிட்டாள். பொறுமை இல்லாதவள் என்று பள்ளிக்கூடத்தில் பெயர் எடுத்த பெண்.

தொட்டி உயிர் பெற்றபோது அவளும் எழுந்தாள். இதை நான் கவித்துவத்துக்காகச் சொல்லவில்லை. காலையில் விளக்குப் போடுவதற்காகப் படுக்கையிலிருந்து எழுந்தாள், அவ்வளவுதான். மாசி மாதத்தில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது: ஜூனில் திரும்பச் சேரலாம், விண்ணப்பத்தில் கையெழுத்திட்டு அனுப்பவும். "போறேம்மா" என்றாள்.  சரி என்றேன்.

சித்திரை வெயிலில் பவளங்கள் மூட ஆரம்பித்தன.

முதலில் பொத்தான் பூக்கள் பாதி விரிந்து நின்றுவிட்டன. அவள் பதறவில்லை. ஒரு நோட்டு போட்டாள். உப்பின் அளவு பார்த்தாள், சரி. தண்ணீரின் சூடு பார்த்தாள், கொஞ்சம் ஜாஸ்தி. தொட்டியின் மேல் சின்ன ஃபேன் மாட்டினாள், சூடு இறங்கியது, பூக்கள் திறக்கவில்லை. விளக்கின் வெளிச்சத்தைக் குறைத்தாள். தீனியைப் பாதியாக்கினாள். சின்னக் குப்பிகளில் தண்ணீரை எடுத்து, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, நிறம் மாறுகிறதா என்று அட்டையோடு ஒப்பிட்டு நைட்ரேட், பாஸ்பேட், காரத்தன்மை எல்லாம் பார்த்தாள். எல்லாம் சரி. ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றினாள். ரெண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எதனால் சரியானது என்று தெரியாதாம். கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டுப் புது உப்புத் தண்ணீர் ஊற்றினால், ரெண்டு நாள் கொஞ்சம் விரிந்தன. மூன்றாம் நாள் மறுபடி சுருங்கின. நோட்டில் அதன் பக்கத்தில் பெரிய கேள்விக்குறி போட்டிருந்தாள்.

பிறகு கண்ணாடியில் ஊர்ந்துகொண்டிருந்த நத்தைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கோடு போட்ட இறால் ஓட்டைக் கழற்றும்போதே செத்தது. காளான் பவளம் பாறையிலிருந்து பிடி விட்டு, ஈரத்துணி போலத் தண்ணீரோடு புரண்டது. அவற்றுக்கு நடுவே ரெண்டு ஆரஞ்சு மீன்கள் மட்டும் ஒன்றுமே நடக்காத மாதிரி நீந்திக்கொண்டிருந்தன.

அன்று அவள் விண்ணப்பத்தை எடுத்து மேசை இழுப்பறைக்குள் போட்டு மூடினாள்.

"ஏன் பாப்பா?"

"ஒரு டப்பாவுல இருக்கறத உயிரோட வெச்சுக்கத் தெரியல. நான் எங்கம்மா தனியா போய் என்னைப் பாத்துக்கப் போறேன்?"

அந்த ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வந்தார். கையில் ஒரு பை வேர்க்கடலை, வாயில் வாஸ்து. நிலம், உரக்கடை, ஊர் நியாயம் எல்லாம் பார்ப்பவர். எதற்கும் அவரிடம் ஒரு தீர்ப்பு இருக்கும்.

"இன்னாம்மா இது, பொணம் நாறுது?"

"நத்தை செத்துச்சுண்ணா."

"சாவாம? இது சாமியே நெருப்பா நிக்கற ஊரு. நெருப்பு ஊர்ல கொண்டாந்து சமுத்திரத்த வெச்சா? விஷயம் தெரிஞ்சவரு ஒருத்தரக் கேட்டேன். ஈசானியத்துல உப்பு வெச்சா பொம்பளப் புள்ளைக்கு ஆவாதுன்றாரு. ஏற்கனவே புள்ள செத்துப் பொழச்சிருக்கு."

"அப்ப கடல்கரையில இருக்கறவன் வீட்ல பொண்ணே இருக்கக் கூடாது."

"எதுக்கெடுத்தாலும் குறுக்க பேசு. ஞாயித்துக்கெழம டெம்போ எடுத்தாரேன். கண்ணாடிய நம்ம கடையில வெச்சுக்கறேன், கோழித்தீவனம் கொட்ட ஆவும்."

"கோழித்தீவனமா?" என்றாள் மகள் உள்ளிருந்து. அழுகைக்கு நடுவே ஒரு சிரிப்பு வந்து மூக்கில் அடைத்தது அவளுக்கு. பிறகு, "எடுத்துட்டுப் போங்க மாமா" என்றாள். "அடுத்த ஞாயிறு வாங்க. நான் க்ளீன் பண்ணி வெக்கறேன்."

"அடுத்த ஞாயிறும் வர வேணாம், அதுக்கடுத்த ஞாயிறும் வர வேணாம்" என்றேன். "தொட்டி இங்கதான் இருக்கும். காலியா இருந்தாலும் இருக்கும்."

"யாருக்கும்மா புடிவாதம் புடிக்கிற? அதுவே வேணாம்னுது."

"எனக்கு."

அண்ணன் காபியைக் குடிக்காமல் போனார். பையை மட்டும் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மாலை நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது மகள் கூடத்தில் உட்கார்ந்து, பவளம் விற்ற சென்னைக் கடைக்காரரோடு பேசிக்கொண்டிருந்தாள். போன் ஸ்பீக்கரில் இருந்தது, ஏனென்றால் ரெண்டு கையாலும் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தாள். நான் சமையலறையில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

"நத்தை மொதல்ல போச்சா, கோரல் மொதல்ல போச்சா?" என்றார் கடைக்காரர்.

"கோரல் மூடுச்சு. ஆனா மொதல்ல செத்தது நத்தை. அப்புறம் இறால்."

"மீனு?"

"சூப்பரா இருக்குண்ணா. எரிச்சலா இருக்கு அதுங்களப் பாத்தா."

அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: "பாரும்மா, முதுகெலும்பு இல்லாதது எல்லாம் போவுது, மீனு நிக்குது. தண்ணி மாத்தினா ரெண்டு நாள் தெளியுது. இது காப்பர்மா. செம்பு. எங்கியோ உள்ள வந்துகினே இருக்கு."

"செம்பா? மோட்டார்ல கம்பி வெளிய வந்திருக்குமாண்ணா?"

"பாரு. காந்தம், ஸ்க்ரூ, எதனா காசு கீசு உள்ள வுழுந்திருக்கா பாரு. உப்பு கலக்கற தண்ணி எதுல புடிக்கிற?"

"பியூரிஃபையர்லேர்ந்து நேரா ப்ளாஸ்டிக் கேன்."

"அப்ப அதுல இல்ல. மோட்டார கழட்டிப் பாரு."

என் கையில் டம்ளர் இருந்தது. அதில் தண்ணீர் இருந்தது. செம்புப் பானைத் தண்ணீர்.

வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் தினமும் ஒன்றரை லிட்டர்வரை ஆவியாகும். உப்பு போகாது, தண்ணீர் மட்டும் போகும். அதனால் தொட்டியின் பின்பக்கத் தடுப்பில் அவள் ஒரு டேப் ஒட்டியிருந்தாள். அந்தக் கோட்டுக்குக் கீழே இறங்கினால் நல்ல தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். காலையில் அவள் எழ நேரமாகும். "ம்மா, நீ ஆபீஸ் போறதுக்கு முன்ன ஊத்திடறியா? பியூரிஃபையர் தண்ணிதான்" என்று பங்குனியில் என்னிடம் சொன்னாள். அவள் சொன்னது துணி துவைக்கும் இடத்தில் இருந்த வெள்ளைக் கேனை. நான் அந்தக் கேனைப் பார்த்தேன். மூடியில் தூசி. பிளாஸ்டிக். இதையா ஊற்றுவது? என் வீட்டில் அதைவிட நல்ல தண்ணீர் இருந்தது. என் மகள் குடிக்கிற தண்ணீர். ராத்திரி முழுக்கச் செம்பில் நின்ற தண்ணீர். தினமும் காலையில், சேலை கட்டி, பை எடுத்து, கிளம்பும் முன், பானைக் குழாயைத் திறந்து சொம்பில் பிடித்து ஊற்றினேன். ஒரு நாள்கூடத் தவறவில்லை. அவளிடம் சொல்லவில்லை, சொல்ல அதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். அவள் பவளத்துக்கும் என் பயத்தில் ஒரு பங்கு கொடுத்தேன்.

அந்த டம்ளரோடு நான் நின்ற நேரத்தைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அவள் மோட்டாரைக் கழற்றுவாள், ஒன்றும் கிடைக்காது. தொட்டி சாகும். விண்ணப்பம் இழுப்பறையிலேயே கிடக்கும். அவள் இங்கேயே, என் கண்ணெதிரே, என் தண்ணீரைக் குடித்துக்கொண்டு இருப்பாள். எந்த விடுதிக் குழாயும் அவளைத் தொடாது. இந்த யோசனை எனக்கு வந்தது. வந்து, ஒரு நிமிடம் நின்றது. அதற்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. பயம் அப்படித்தான் கணக்குப் போடும்.

கூடத்தில் அவள் மோட்டாரை வெளியே எடுத்து, விளக்குக்கு நேராகப் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கையெல்லாம் உப்பு. "நான் எங்கயோ தப்பு பண்ணியிருக்கேண்ணா" என்று போனிடம் சொன்னாள்.

அந்த ஒரு வாக்கியத்தை என்னால் தாங்க முடியவில்லை.

"நீ பண்ணல" என்றேன். டம்ளரைத் தொட்டியின் பக்கத்தில் வைத்தேன். "மோட்டார உள்ள போடு பாப்பா. தண்ணி ஊத்தினது நான்தான். பானையிலேர்ந்து."

"எந்தப் பானை?"

"நம்ம வீட்ல எத்தன பானை இருக்கு?"

அவள் சமையலறைப் பக்கம் திரும்பினாள். வெள்ளிக்கிழமை தேய்த்த பானை அங்கே தகதகவென்று நின்றது.

"எத்தன நாளா?"

"நீ சொன்ன நாள்லேர்ந்து."

போனில் கடைக்காரர், "மேடம், புளி போட்டுத் தேய்ப்பீங்களா?" என்றார்.

"ஆமாங்க. வாரா வாரம்."

"நல்லாத் தேய்ச்சிருக்கீங்க" என்றார் அவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. சுத்திகரித்த தண்ணீரில் தாது எதுவும் இல்லாததால் அது சாதாரணத் தண்ணீரைவிடச் சீக்கிரம் செம்பைக் கரைக்கும். பானையைப் பளபளப்பாக்கினால் இன்னும் கரையும். அதில் கரையும் அளவு மனிதர்களை ஒன்றும் செய்யாமல் போகலாம், மீன்கூடத் தாங்கும். பவளத்துக்கும் நத்தைக்கும் அது விஷம் என்று விளக்கினார். செம்பை உறிஞ்சும் வெள்ளை அட்டை ஒன்று இருக்கிறது, வடிகட்டும் கரியோடு சேர்த்து நாளைக் காலை பஸ்ஸில் போட்டுவிடுகிறேன் என்றார்.

மகள் மோட்டாரைத் திரும்ப மாட்டினாள். சாப்பிட்டாள், கழுவினாள், நோட்டில் அந்தக் கேள்விக்குறிக்குப் பக்கத்தில் என்னவோ எழுதினாள். படுக்கப் போகும்போது கதவருகே நின்று, "நான் குடிக்கிறதும் அதானே?" என்றாள்.

"அதான்."

"எனக்கு ஒண்ணும் ஆவலயே?"

"ஆவலன்னுதான் நெனைக்கிறேன். டாக்டரக் கேக்கலாம்."

"கேப்போம்" என்றாள். கதவை அறையவில்லை. அது எனக்குப் போதும்.

மறுநாள் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்துக்காக வெளியூர்ப் பஸ்களை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். அங்கிருந்து ஒரு பார்சலைத் தேடி எடுப்பது பாதி நாள் வேலை. எனக்கு விடுப்பும் இல்லை. சென்னைப் பஸ் செஞ்சி வழியாகக் கீழ்பென்னாத்தூரைத் தாண்டித்தான் வரும். யோசித்தேன். அண்ணனுக்குப் போன் செய்தேன்.

"பதினோரு மணி பஸ்ஸு. கண்டக்டர்கிட்ட ஒரு பொட்டி இருக்கும். வாங்கினு வா."

"இன்னா பொட்டி?"

"தொட்டிக்கு மருந்து."

"எடுத்துப் போட வரேன்னா வேணாம்ன, மருந்து வாங்கினு வரணுமா நான்? எனக்கு வேற வேல இல்ல?"

"இல்ல. உரக்கடையில உக்காந்து ஈ ஓட்டினு இருப்ப. வாண்ணா."

பன்னிரண்டரைக்கு வந்தார். கூட்டத்தைச் சுற்றிக்கொண்டு, சந்து சந்தாகப் புகுந்து, சட்டை முழுக்க வியர்வையோடு. பெட்டியைக் கொடுத்துவிட்டு உடனே போகாமல் தொட்டிக்கு முன்னால் நாற்காலியை இழுத்துப் போட்டார். மகள் அட்டையை வெட்டித் தண்ணீர் ஓடும் வழியில் செருகினாள். பாதித் தண்ணீரை மாற்றினாள். மாலையில் நான் அலுவலகத்திலிருந்து வந்தபோது அந்த வெள்ளை அட்டையின் ஓரம் நீலப் பச்சையாக மாறியிருந்தது. நான் வாரக்கணக்கில் ஊற்றியது அதில் நிறமாக ஏறிக்கொண்டிருந்தது. அண்ணன் அதைக் குனிந்து பார்த்தார்.

"இதான் அந்த விஷமா?"

"ஆமா மாமா. அம்மா ஊத்தினது."

"ஈசானியம் இல்லியா அப்ப?"

"இல்ல மாமா. சொம்பு."

அவர் என்னைப் பார்த்தார். இந்தக் கதை சித்திரை முடிவதற்குள் கீழ்பென்னாத்தூர் முழுக்கப் பரவிவிடும் என்று தெரிந்தது. பரவியது. இன்றும் எங்கள் சொந்தக்காரர் வீடுகளுக்குப் போனால், "தண்ணி குடிக்கிறியா, இல்ல உன் பானைத் தண்ணிதானா?" என்று கேட்கிறார்கள். கேட்கட்டும்.

எல்லாமே பிழைத்துவிடவில்லை. காளான் போனது. விரல் பவளம் கரைந்து, பாறையில் ஒரு வெள்ளைத் தழும்பு மட்டும் நின்றது. பொத்தான் பூக்களில் ஒரு கொத்து, பாறையின் அடியில் நிழலில் இருந்தது, மூன்று வாரம் மூடியே கிடந்தது. அவள் அதை எடுத்துப் போடவில்லை. நானும் தொடவில்லை. ஒரு காலை நான் அலுவலகம் கிளம்பும்போது அதில் நாலு பூ விரிந்திருந்தது. அவளை எழுப்பினேன். போர்வையோடு வந்து, தரையில் உட்கார்ந்து பார்த்தாள். பார்த்துவிட்டு எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தாள்.

"ஒரு கண்டிஷன்" என்றாள், பேனாவைத் தேடிக்கொண்டே. "நான் போனா தொட்டிய நீதான் பாத்துக்கணும். மாமாகிட்ட கொடுக்கக் கூடாது."

"கோழித்தீவனம் கொட்டிடுவாரு."

"சிரிக்காத. வெள்ள கேன் தண்ணி மட்டும். அதுல நீ எந்த நல்லதும் பண்ணக் கூடாது."

"பண்ணல."

"எனக்கும்" என்றாள். "போன் பண்ணி, என்ன தண்ணி குடிச்ச, எதுல குடிச்சன்னு தினமும் கேக்கக் கூடாது. நானே பாத்துப்பேன். தப்பு பண்ணா கண்டுபுடிப்பேன். பாத்தல்ல?"

பார்த்தேன். என்னைவிடப் பொறுமையாக, ஒரு நேரத்தில் ஒரே ஒரு விஷயத்தை மாற்றி, தன்மேலேயே பழி போட்டுக்கொண்டும் தேடலை நிறுத்தாமல் அவள் செய்ததை எல்லாம் பார்த்தேன். அந்தக் கண்ணாடிக்கு அப்பால் கிடந்த பெண் இவள் இல்லை என்று என் கால்களுக்கு இன்னும் புரியவில்லை. போன் அடித்தால் இப்போதும் பஸ் ஏற ஓடப் பார்க்கின்றன. "தினமும் கேக்க மாட்டேன்" என்றேன். "வாரத்துக்கு ஒரு தடவ கேப்பேன். அதுக்கு மேல என்னால குறைக்க முடியாது."

"கம்மி பண்ணு."

"முடியாது."

கையெழுத்துப் போட்டாள். ஜூனில் போனாள். ஊரில் சிலர் கேட்டார்கள்: பட்டது போதாதா, மறுபடி அதே ஊருக்கா அனுப்புவாய்? அதே ஊருக்குத்தான், அதே தண்ணீருக்குத்தான் என்றேன். பொண்ணே போய்விட்டாள், இனி இந்தத் தொட்டி எதற்கு என்றும் கேட்டார்கள். தொட்டி இருக்கும் என்றேன். காலையில் வெள்ளைக் கேனிலிருந்து கோடு வரை ஊற்றுகிறேன், சனிக்கிழமை குப்பியில் சொட்டு விட்டு நிறம் பார்க்கிறேன், அவள் நோட்டில் அவளுக்கு அடுத்த வரியில் என் எழுத்தில் எழுதி வைக்கிறேன். நேற்று எண்ணினேன். பதினேழு பூ.